மறைப்புக்குள் போன கமரா

கல்முனைக்குடிச் சந்தை ஒழுங்கையில் சைக்கிள் திருத்துகிற முகைதீன்பாவாவைப் பற்றி எந்தப் பத்திரிகையும் இதுவரை ஒரு வரி எழுதவில்லை. அவர்களுக்கு ஆயிரம் வேலை. அதனால் நான் எழுதுகிறேன்.

என்னை ஊரில் பக்கீர் முகைதீன் மரைக்கார் என்பார்கள். எங்கள் குடிக்காகப் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிற மரைக்கார் நான்தான். படிப்பு மூன்றாம் வகுப்பு. நெல்லுச் சாக்குத் தூக்கி, அடுத்தவன் மாட்டு வண்டில் ஓட்டி, பிறகு சொந்த வண்டில் வாங்கி, பிறகு மில் போட்டவன். என் மில்லில் எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணின இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். லீவு வேண்டுமென்றால் அழகான தமிழில் கடிதம் எழுதுவார்கள். நான் வாசிக்காமலே இல்லை என்று சொல்லிவிடுவேன். நேரம் மிச்சம்.

முகைதீன்பாவா என்னைவிடப் பத்து வயது இளையவன். ஊரில் ஆம்பிளை மௌத்தானால் கடையைச் சாத்துவான். உமியும் சவுக்காரமும் போட்டுத் தேய்த்துக் கையிலுள்ள கிறீஸைப் போக்குவான். பிறகு மையித்தை, அதாவது அடக்குவதற்கு முன் இறந்த உடலை, குளிப்பாட்டப் போய்விடுவான். அதற்குக் கூலி வாங்கமாட்டான்.

அவனுடைய வாயைப் பற்றிச் சொல்லவேண்டும். சைக்கிள் விசயத்தில் ஒளிவு மறைவு கிடையாது. "செயின் தேயல்ல, ஒண்ட வயிறுதான் கூடிப்போச்சு" என்று சந்தைக்கே கேட்கச் சொல்லுவான். மையித்து விசயத்தில் அதே வாய் பூட்டுப் போட்டதுதான். குளிப்பாட்டுகிறவன் கண்டதை வெளியில் சொல்லக்கூடாது என்பது மார்க்கம். எல்லாருக்கும் தெரிந்த மார்க்கம்தான். அவன் கடைப்பிடிக்கிறான், அவ்வளவுதான் வித்தியாசம். ஒருமுறை பெரிய பணக்காரர் ஒருவர் மௌத்தானார். முகம் வெளிச்சமாக இருந்ததா, கறுத்துப் போயிருந்ததா என்று அறிய ஊரே துடித்தது. நான்கு பேர் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துக் கேட்டார்கள். நாலு தேத்தண்ணியையும் குடித்துவிட்டுச் சொன்னான்: "அவர்ர சைக்கிள்ள பின் பிரேக் புடிக்காது. அது மட்டும் எனக்குத் தெரியும்."

அவனை இந்த வேலைக்கு யாரும் நியமிக்கவில்லை. எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளியில், அதுவரை மையித்துக் குளிப்பாட்டிய பெரியவர் தென்னை விழுந்து தானே மையித்தாகிவிட்டார். எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். முகைதீன்பாவா முன்னுக்கு வந்தான். "முதல்ல இவரக் குளிப்பாட்டுவம். மறுகா மத்தவங்கள" என்றான். அன்றும் அடுத்த நாளும் ஒன்பது பேரைக் குளிப்பாட்டினான்.

அதே கிழமை கொழும்பிலிருந்து பத்திரிகைக்காரர் ஜீப்பில் வந்தார்கள். என் மில்லின் கூரைத் தகரம் பல மைல் தள்ளி ஒலுவிலில் தேடினால் கிடைக்கும் என்ற நிலை. நான் நல்ல சேட்டுப் போட்டுக்கொண்டு மில்லுக்கு முன்னால் நிமிர்ந்து நின்றேன். கமராக்காரர் சேட்டைக் கழற்றச் சொன்னார், படம் தெளிவாக விழுமாம். தலையில் கை வைக்கச் சொன்னார், அதுவும் தெளிவுக்குத்தானாம். மூன்றாம் நாள் பேப்பரில் பாதிப் பக்கத்துக்கு நான். முப்பது பேப்பர் வாங்கி, அக்கரைப்பற்றுச் சம்பந்தி வரைக்கும் அனுப்பினேன். படத்தில் நான் இருக்கும்போது எழுத்தைப் பார்த்து என்ன ஆகப்போகிறது. அனுப்பி முடிந்த பிறகுதான் என் மனைவி நஸீறா ஒன்றை எடுத்து வாசித்தாள்.

"உண்ண உணவின்றி, உடுக்க உடையின்றி, நிர்க்கதியாய் நிற்கும் கூலித் தொழிலாளி."

"திரும்ப வாசி" என்றேன்.

"திரும்ப வாசிச்சாலும் கூலித் தொழிலாளிதான். உடுக்க உடை இல்லையாம். சேட்டக் கழட்டச் சொன்னா கழட்டுறதா?"

சம்பந்தி மனமிரங்கி ஒரு மூட்டை அரிசி அனுப்பியிருந்தார். மில்காரனுக்கு அரிசி. ஒன்பது பேரைக் குளிப்பாட்டினவனின் படம் எந்தப் பேப்பரிலும் வரவில்லை. சேட்டைக் கழற்றிவிட்டு நிற்க அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை.

இனி எண்பத்தாறாம் ஆண்டுக்கு வருகிறேன். சிறுபோக நெல் வெட்டு நேரம். சவளக்கடையில் என் வயலுக்குக் காவல் பார்த்தவன் அச்சிமுகம்மது. விடிய வயலுக்குப் போனவனை வாய்க்கால் வரம்பில் வைத்துச் சுட்டுப்போட்டார்கள். யார் சுட்டது? ஒருவன் இந்த இயக்கம் என்றான், ஒருவன் அந்த இயக்கம் என்றான், ஒருவன் பட்டாள உடுப்புப் போட்டவர்கள் என்றான். மூன்று பேரும் அந்த நேரம் வீட்டில் படுத்திருந்தவர்கள். பக்கத்து வயல்காரர், பாண்டிருப்புக் கனகசபாபதி, தன்னுடைய சால்வையால் மூடி, தன்னுடைய உழவு ரெக்டரில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்த்தார். அந்தக் காலத்தில் ஒரு தமிழ் ஆள் சூடுபட்ட முஸ்லிமை ஏற்றிக்கொண்டு எங்கள் ஊருக்குள் வருவது லேசான காரியமில்லை. ஆஸ்பத்திரி, விசாரணை எல்லாம் முடிந்து பின்னேரம் அசறுத் தொழுகைக்கு முன் மையித்து வீட்டுக்கு வந்தது.

அதற்குள் நான் மில் டெலிபோனில் கொழும்புக்குக் கோல் எடுத்து, நிருபர் காலிதீனின் பத்திரிகைக்குச் சொல்லிவிட்டேன். காலிதீன் எங்கள் ஊர்ப் பொடியன்தான். சட்டைப் பையில் நிருபர் அட்டை, கழுத்தில் அவனுடைய மச்சான் சவூதியிலிருந்து கொண்டுவந்த கமரா. படம் வந்தால் முன்பக்கம் தருகிறோம் என்று கொழும்பில் வாக்குக் கொடுத்தார்கள். "நல்லா எடு தம்பி, காயமெல்லாம் தெரியணும், நாடு பார்க்கட்டும்" என்று அவனிடம் சொன்னது நான்தான். நான் எதையும் மறைக்கிறவன் இல்லை.

முற்றத்தில் நாலு பக்கமும் சீலை கட்டி, உள்ளே பலகை போட்டு, தண்ணீர் நிரப்பி வைத்தாகிவிட்டது. முகைதீன்பாவா முதலில் தனியே உள்ளே போய் மையித்தைப் பார்த்துவிட்டு வந்தான். அச்சிமுகம்மதுவின் மனைவி ஸகியா அறை வாசல் திரைக்குப் பின்னால் நின்று அவனை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டாள்.

"பாவாக் காக்கா, முகம் இருக்கா?"

"இருக்கு புள்ள. நான் சரிப்படுத்தித் தாறன்."

"எண்ட புள்ளைகள் அதத்தான் பார்க்கணும். மத்தத ஒருத்தரும் பார்க்கவேணாம். பேப்பர்லயும் வரவேணாம். நாளைக்கு நபீலா பள்ளிக்கூடம் போறா. அங்க ஒருத்தி பேப்பரத் தூக்கி, இந்தா ஒங்கட வாப்பா எண்டு காட்டினா நான் என்ன செய்ய?"

நபீலா மூத்தவள், ஏழு வயது.

மரைக்கார் என்ற முறையில் நான் நாலு வார்த்தை சொல்லவேண்டும் அல்லவா? "நாட்டுக்குத் தெரியவேணாமா மகள்?" என்றேன்.

"நாட்டுக்கு அவரத் தெரியாது மரைக்கார். எங்களுக்குத்தான் தெரியும்."

எனக்குப் பதில் வருவதற்குள் காலிதீனுக்கு வந்துவிட்டது. "ராத்தா, மறைச்சா செஞ்சவனுக்குத்தான் லாபம். ஒரு ஆள் மௌத்து எண்டு எழுதினா கொழும்புல கொட்டாவி விடுவாங்க. காயத்தக் கண்டாத்தான் நம்புவாங்க. நாளைக்கு இன்னொரு ஆளக் கொல்ல யோசிப்பாங்க."

அவன் சொன்னதிலும் பிழை இல்லை. அதுதான் தொல்லை. எல்லாரும் முகைதீன்பாவாவைப் பார்த்தோம். அவன் சேட்டுக் கையை மடித்துக்கொண்டிருந்தான்.

"சரி மனே, உள்ளுக்கு வா" என்றான்.

திரைக்குப் பின்னால் ஸகியா "காக்கா!" என்றாள். அவன் காலிதீனைப் பார்த்தே பேசினான்.

"ஒழுச் செஞ்சிட்டு வா. மறைப்புக்குள்ள வேலை செய்றவங்க மட்டும்தான் நிக்கலாம், பார்த்துக்கொண்டு நிக்க ஏலா."

"கமராவோட வரலாமா காக்கா?"

"கமராவோட வா. கையையும் கொண்டு வா. எனக்கு ஒரு ஆள் குறையுது."

காலிதீன் தொழுகைக்குப் போவதுபோல் கை, முகம், கால் கழுவி ஒழுச் செய்துகொண்டு போனான். உள்ளே இன்னொரு சொந்தக்காரன் தண்ணீர் ஊற்ற நின்றான். நான் வெளியில், சீலைக்கு இந்தப் பக்கம். வேலிக் கரையில் கதிரை போட்டுக் கனகசபாபதி இருந்தார். கிட்டப் போனேன்.

"படம் வந்தா என்ன நடக்கும் எண்டு நினைக்கிறீங்க மரைக்கார்?"

"நாடு பார்க்கும்."

"நாடு ஆறுதலாப் பார்க்கும். முதல்ல உங்கட பொடியன்மார் பார்ப்பாங்க. பார்த்திட்டு எங்கட றோட்டுக்கு வருவாங்க. நான் அந்த றோட்டாலதான் வீட்ட போகணும்."

அவர் கதைப்பது குறைவு. கதைத்தால் இப்படித்தான். நான் சீலைக் கரைக்குத் திரும்பினேன்.

சீலைக்குள்ளிருந்து முகைதீன்பாவாவின் குரல் கேட்டது. "கமராவ முதுகுப் பக்கம் போடு மனே, தண்ணி படும்." பிறகு, "தலையப் புடி. ரெண்டு கையாலயும். மெதுவா, அவருக்கு நோகும்." தண்ணீர் விழுகிற சத்தம். "அல்லாட காவல், சரிச்சுப் புடி." அப்புறம் நீண்ட நேரம் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கமராவின் கிளிக் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

காலிதீன் வெளியே வந்தான். சேட்டு மார்பு வரைக்கும் ஈரம். கமரா இன்னும் முதுகில்தான் தொங்கியது.

"எடுத்தயா தம்பி?"

"கை விடல்ல மரைக்கார். தலைய நான்தான் புடிச்சிருந்தன்."

"பரவாயில்ல, கண்டதையாவது எழுது. எத்தின காயம்?"

முகைதீன்பாவா பின்னால் வந்தான். "அவன் இப்ப மையித்துக் குளிப்பாட்டினவன் மரைக்கார். அவன்கிட்டக் கேக்கப்படாது."

காலிதீன் தலையாட்டினான். முன்பக்கம் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்த கொழும்புக்காரருக்கு நான் மறுபடியும் கோல் எடுத்து, எங்கள் நிருபர் ஒழுச் செய்துவிட்டார், இனிப் படம் வராது என்று விளக்கவேண்டியதாயிற்று. அவர்களுக்கு விளங்கவில்லை.

முகைதீன்பாவா கபன் துணியைச் சுற்றிக் கட்டி முடித்து முகத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தான். இடப்பக்கம் துணி நெற்றியிலிருந்து நாடி வரை இறங்கியிருந்தது. வலக்கன்னம், மூடிய கண், கண்ணுக்குக் கீழே அச்சிமுகம்மதுவின் கறுத்த மறு, இவை தெரிந்தன. நித்திரைதான் என்று சொல்லலாம். நபீலா வந்து நெடுநேரம் பார்த்தாள். மறுவை ஒரு விரலால் தொட்டாள். பிறகு உம்மாவிடம் போனாள்.

மூன்றாம் நாள் பேப்பர்கள் வந்தன. காலிதீனின் பத்திரிகையில் ஆறாம் பக்கத்தில் மூன்று வரி. அதற்கு மேலே நாலு பத்திக்கு ஒரு பெரிய மனிதர் நாடா வெட்டுகிற படம். நாடாவில் இரத்தம் வராது, தாராளமாகப் போடலாம். காலிதீன் சொன்னபடியே கொழும்பு கொட்டாவி விட்டது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

இன்னொரு பத்திரிகை அப்படிக் கஞ்சத்தனம் பண்ணவில்லை. அச்சிமுகம்மதுவின் படம் கிடைக்காததால், எங்கோ எப்போதோ செத்த யாரோ ஒருவருடைய படத்தை எடுத்து, அச்சிமுகம்மது என்று பெயர் போட்டு, காயமெல்லாம் தெரிய அரைப் பக்கத்துக்கு அடித்திருந்தது. இளகிய மனமுள்ளோர் பார்க்கவேண்டாம் என்ற எச்சரிக்கையும் இருந்தது, படத்துக்குக் கீழே. கொன்றது யார் என்பதும் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. சவளக்கடையில் ஒருவனுக்கும் தெரியாதது கொழும்பில் தெரிந்திருந்தது.

பத்து மணிக்குச் சந்தையில் முப்பது நாற்பது பொடியன்மார். கையில் அந்தப் பேப்பர், சிலர் கையில் பொல்லு. கனகசபாபதி சொன்ன றோட்டுப் பக்கம்தான் எல்லாருடைய முகமும் திரும்பியிருந்தது. நான் ஸகியாவின் வீட்டுக்கு ஓடினேன். எனக்கு முன்னமே ஒரு புண்ணியவான் அங்கேயும் பேப்பரைக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தான். ஸகியா சுவரோடு சாய்ந்திருந்தாள். நபீலா பேப்பரைப் பாயில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது வாப்பா இல்ல" என்றாள். "எங்கட வாப்பாக்கு இஞ்ச மறு இருக்கு. நான் தொட்டன்." அவ்வளவுதான். பேப்பரை மடித்து என்னிடம் தந்துவிட்டு விளையாடப் போனாள்.

நான் சந்தைக்குத் திரும்பி, ஒரு மூட்டைக்கு மேல் ஏறி நின்று, படத்திலிருப்பவன் அச்சிமுகம்மது இல்லை என்று சொன்னேன். என் குரல் மைக் இல்லாமல் நற்பிட்டிமுனை வரை கேட்கும். இருந்தும் நம்பவில்லை. "மரைக்கார், நீங்க மறைப்புக்குள்ள போய்ப் பார்த்தீங்களா?" என்று ஒருவன் கேட்டான். அப்போது காலிதீன் முன்னுக்கு வந்தான்.

"நான் தலையப் புடிச்சவன். இது அவர் இல்ல."

"அப்ப அவர் எப்பிடி இருந்தாரு?"

"அது சொல்லமாட்டன். இது அவர் இல்ல. அது மட்டும்தான்."

படத்திலிருந்தவன் தங்கள் ஆள் இல்லை என்றதும் பொடியன்மாருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். தேத்தண்ணிக் கடைப் பக்கம் கலைந்து போனார்கள். முகைதீன்பாவா என் கையிலிருந்த பேப்பரை வாங்கிப் படத்தைப் பார்த்தான். "இவர ஆரு குளிப்பாட்டினாங்களோ" என்றான். படம் உள்ளே போக மடித்து, குறடு, சாவி கிடக்கிற ஆயுதப் பெட்டிக்குக் கீழே வைத்துவிட்டுச் சக்கரத்தைச் சுற்றத் தொடங்கினான்.

போன மாதம் என் சைக்கிளைக் கொண்டுபோனேன். லொறி இருக்கிறது, ஆனாலும் சந்தைக்குச் சைக்கிள்தான்.

"பாவா, நான் மௌத்தானா நீதான் குளிப்பாட்டணும்."

"இன்ஷா அல்லாஹ், பார்ப்பம்."

"எண்ட ரெண்டு தோளிலயும் சாக்குத் தூக்கின தழும்பு இருக்கு. அத மட்டும் ஊருக்குச் சொல்லிரு. கூலித் தொழிலாளி எண்டு போட்ட பேப்பர்காரனும் தெரிஞ்சுகொள்ளட்டும், இந்தத் தோளிலதான் மில்லு வந்தது எண்டு."

"சொல்லமாட்டன்."

"நல்லதக் கண்டா சொல்லலாம் எண்டு மார்க்கக் கிதாபில இருக்கே?"

"இருக்கு. அது நல்லதா எண்டு அப்ப பார்த்திட்டுச் சொல்றன். இப்ப இந்த பெல்ல மாத்துங்க மரைக்கார், அடிக்கிறது ஒருத்தருக்கும் கேக்குதில்ல."

இவனை நம்பிப் பயனில்லை. அதனால் நானே இங்கே எழுதி வைக்கிறேன். இரண்டு தோளிலும் இருக்கிறது. வலது தோளில் பெரிது.