அருவியிலிருந்து வந்த பிள்ளை

பேய், காத்துக்கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். வேதியியலில் முதுகலை முடித்துவிட்டு, பிள்ளை பிறக்கும்வரை தென்காசியில் ஒரு பள்ளியில் பாடம் எடுத்தவள். இனி சொல்லப்போவதை வைத்து என்னை நீங்கள் வேறு மாதிரி எடைபோட்டுவிடக் கூடாது என்றுதான் இதையெல்லாம் முதலிலேயே சொல்கிறேன். போட்டாலும் தப்பில்லை, நானே அப்படித்தான் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் வீடு மேலகரத்தில். நான், கணவர், மாமியார், கணவரின் தங்கை கோமதி. கோமதிக்கு மனச்சிதைவு நோய். வந்த புதிதில், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் தனக்கு விடுகிற சைகை என்று நம்பினாள். "மூணு விசில் வச்சா என்னைய வெளிய வரச் சொல்லுதாவ மயினி" என்று அண்ணியான என்னிடம் சொல்வாள். மாத்திரையில் நன்றாகத் தேறிவிட்டாள். அதை வேளைக்கு எடுத்துக் கொடுப்பது என் வேலை. டாக்டர் ஒன்று சொல்லிக் கொடுத்திருந்தார்: அவள் சொல்வதை மறுக்கவும் வேண்டாம், ஒப்புக்கொள்ளவும் வேண்டாம், 'வேறு என்ன காரணம் இருக்கலாம்?' என்று மட்டும் கேளுங்கள். நான் கேட்பேன். அவளும் யோசித்து, "அவுக வீட்ல பருப்பு வேகாம இருக்கும்" என்று சிரிப்பாள்.

போன சாரல் சீசனில், என் மகன் முகிலுக்கு ஒரு வயது ஆகாத சமயம், அவனைத் தூக்கிக்கொண்டு நானும் கணவரும் குற்றாலம் போனோம். மெயின் அருவியில் பெண்கள் பக்கம் எப்படியிருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். கைப்பிள்ளையோடு வருகிறவள் பக்கத்தில் நிற்கிற யாரோ ஒருத்தியிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டுத் தலையை நனைத்துக்கொண்டு வருவாள், பிறகு அவளுடைய பையை இவள் பிடித்துக்கொள்வாள். யாரும் பெயர்கூடக் கேட்பதில்லை. கணவர் ஆண்கள் பக்கம் போய்விட்டதால் நானும் கம்பியோரம் நின்ற ஓர் அம்மாவிடம் முகிலைக் கொடுத்தேன். "போய்ட்டு வா தாயி, நான் வச்சிருக்கேன்" என்றார். தண்ணீர் தலையில் விழுந்தால் ஒன்றும் கேட்காது, ஒன்றும் தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது அந்த அம்மா நின்ற இடத்தில் இல்லை. கொஞ்சம் தள்ளி, படிப்பக்கம் நின்றார். பிள்ளை அழாமல் இருந்தான். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

சாயங்காலம் வீட்டில் மாமியார் அவனை மடியில் வைத்து இட்லி ஊட்டிக்கொண்டிருந்தார், கணவர் அதை போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார், கோமதி பக்கத்தில் உட்கார்ந்து தலைவாரிக்கொண்டிருந்தாள். நான் பாலை ஆற்றிக்கொண்டு அடுக்களை வாசலில் நின்றேன். அப்போது கோமதி, ரொம்பச் சாதாரணமான குரலில் சொன்னாள்: "இது நம்ம பிள்ளை இல்ல."

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கோமதி சொல்வதை எங்கள் வீட்டில் யாரும் காதில் வாங்குவதில்லை. நான் வாங்கினேன்.

பாலைக் கொடுத்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டான். உச்சியை மோந்து பார்த்தேன், நான் தேய்க்காத ஏதோ எண்ணெய் வாசம். காலையில் வெட்டிவிட்ட நகத்தில் ஒன்று நீளமாக இருந்தது. காதுக்குப் பின்னால் மச்சத்தைத் தேடினேன். இருந்தது. நியாயமாக அந்த இடத்தில் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. மச்சம்கூடச் சரியாக இருக்கிற பிள்ளையாகப் பார்த்துக் கொடுத்திருக்கிறார்களே என்றுதான் தோன்றியது.

நம்பினால் நம்புங்கள், அவனைத் துண்டில் சுற்றிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், தூறலில் பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிட்டேன். அருவிக்குப் போய் இவனைக் கொடுத்துவிட்டு என் பிள்ளையை வாங்கிவர வேண்டும். அந்த அம்மா அங்கேயே காத்துக்கொண்டு நிற்பார் என்பதில் எனக்குத் துளி சந்தேகமில்லை. என் பிள்ளை ஈரத்தில் கிடக்கிறானே என்று பஸ் வரும் திசையையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன், கையிலிருந்தவன் குளிரில் நடுங்குவது எனக்கு உறைக்கவே இல்லை.

பஸ் வந்து நின்றது. படியில் காலை வைத்தபோது யாரோ தோளைப் பிடித்தார்கள். கோமதி. செருப்பில்லாமல் ஓடிவந்திருந்தாள்.

"எங்க போறிய மயினி?"

"என் பிள்ளைய வாங்கப் போறேன்."

அவள் அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சரி. வேற என்ன காரணம் இருக்கலாம்?"

"பிள்ளைய நனைச்சுக்கிட்டு என்ன பஞ்சாயத்து, ஏறுதியளா இல்லியா?" என்றார் கண்டக்டர்.

"எண்ணெ வாசம் வருது" என்றேன் கோமதியிடம்.

"அந்த அம்மா கையில இருந்திருக்கும். அங்கன எண்ணெ தேய்க்காத ஆளு யாரு?"

"பால் குடிக்க மாட்டேங்கான்."

"எங்க அம்மா இப்பதான வயிறு முட்ட இட்லி குடுத்தாவ. நீங்க குடிப்பியளா?"

பஸ் போய்விட்டது. நடுங்குவது அப்போதுதான் தெரிந்து அவனை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டேன். "நீதான கோமதி சொன்ன, இது நம்ம பிள்ளை இல்லன்னு?"

"நானா? நீங்கல்லா சொன்னிய. அதான் அப்பலேருந்து உங்களையே பாத்துக்கிட்டிருந்தேன்."

அடுத்த தடவை கோமதியோடு நானும் டாக்டரைப் பார்த்தேன். தூக்கமில்லாத தாய்மாருக்கு இப்படி வருவதுண்டு, மனம் ஒரு முடிவுக்குத் தாவிவிட்டால் அதற்குத் தோதானதை மட்டும்தான் பொறுக்கும் என்றார். மருந்து கொடுத்தார், சரியாகிவிட்டது. முகில் என் பிள்ளைதான், இப்போது வீடு முழுக்க ஓடுகிறான். யார் சொன்னது என்பதை மட்டும், கோமதி மறந்திருப்பாள் என்று வைத்துக்கொண்டேன்.

போன மாதம் கணவர் பழைய வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இட்லி ஊட்டுகிற அந்த வீடியோ வந்தது. "இது நம்ம பிள்ளை இல்ல" என்று தெளிவாகக் கேட்டது. "அன்னைக்கு கோமதி என்னமோ உளறியிருக்கா பாரு" என்று போனை என்னிடம் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனார். நான் மறுபடி ஓடவிட்டேன்.

கோமதி தெரிகிறாள். இரண்டு கையாலும் சடையைப் பிடித்துக்கொண்டு, பல்லில் ரப்பர் பேண்டைக் கடித்திருக்கிறாள். வாய் அசையவே இல்லை. மாமியாரும் வாய் திறக்கவில்லை. நான் அதில் தெரியவில்லை. நான் சொல்லவில்லை, முகில்மேல் சத்தியமாகச் சொல்லவில்லை.

குரல் வந்ததும் முகில் இட்லியை விட்டுவிட்டு நிமிர்ந்து, சிரித்து, இரண்டு கையையும் தூக்குகிறான். என் குரலுக்கு மட்டும்தான் அவன் அப்படித் தூக்குவான். அவன் பார்க்கிற பக்கம்தான் அடுக்களை வாசல். அதை ஒட்டினாற்போல் தெருவாசல். அன்று அது திறந்து கிடந்தது.

கோமதியிடம் இன்னும் காட்டவில்லை. காட்டினால், வேறு என்ன காரணம் இருக்கலாம் என்று கேட்பாள்.