பின்வரிசைக்கு ஒரு யானைக் கதை

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு நூலகம் மாதாமாதம் ஒரு பெட்டி நிறையக் கதைப்புத்தகம் இரவல் தரும். இரண்டாம் வகுப்பு டீச்சர்தான் அதற்கு எப்போதும் முதல் ஆள்.

இம்முறை திரும்பி வந்த புத்தகங்களில் ஒரு கிழிசல்கூட இல்லை. நூலகர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "என்ன டீச்சர், உங்க வாலுங்க திருந்திட்டாங்களா?"

"பள்ளிக்கூடத்தையே மூடிட்டாங்கம்மா. வீட்டுல நானே சத்தமா வாசிச்சுக்கறேன். வாய் சும்மா இருக்க மாட்டேங்குது."

பெட்டி எடுக்கும் அட்டை, வகுப்பு நடத்துபவர்களுக்கு மட்டும்தான். அதைச் சொல்ல முடியாமல் நூலகர் மென்று விழுங்குவதைப் பார்த்த டீச்சர், தானே அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

வாசல்வரை போனவர் திரும்பினார். "அடுத்து யார் எடுத்தாலும், அந்த யானைக் கதையில நல்லாப் பிளிறச் சொல்லும்மா. இல்லேன்னா பின்வரிசைப் பசங்க தூங்கிடுவாங்க."

நூலகர் யானைக் கதையைத் தேடி எடுத்துப் பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்.