நான்கு கட்டங்களும் என் சிரிப்பும்

எனக்குச் சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாது. அறுபதுகளின் நடுவில் நெய்வேலியில் தற்காலிக கிளார்க்காக இருந்தபோது அதுதான் என் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது.

எங்கள் ஆபீசில் கைப்பிடியைச் சுற்றிக் கணக்குப் போடும் மெஷின் ஒன்று இருந்தது. வகுக்கும்போது ஒரு சுற்று அதிகமாகிவிட்டால் டிங் என்று மணியடிக்கும். அதைக் கேட்டாலே எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். குறிஞ்சிப்பாடிக்காரரான ஹெட் கிளார்க் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். அதற்கும் சிரிப்பேன்.

அந்த வருஷம் மனோதத்துவம் படித்த அதிகாரி ஒருவர் வந்தார். தற்காலிக ஆட்களில் யாரைப் பெர்மனென்ட் ஆக்கலாம் என்று பார்க்க ஒரு படிவம் தயாரித்தார். அடக்கம், கவனம் என்று இரண்டு அளவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். போட வேண்டியவர்கள் ஹெட் கிளார்க்குகள். இரண்டும் தனித்தனியானவையா, ஒன்றையொன்று ஒட்டியவையா என்று கண்டுபிடிக்கும் வேலை, புள்ளியியல் படித்தவள் என்பதால் என் மேஜைக்கு வந்தது. படிவக் கட்டைப் பிரித்தால் அதில் என் படிவமும் இருந்தது. அடக்கம் ஒன்று. கவனமும் ஒன்று.

அடக்கத்துக்கு ஒன்று நியாயம்தான். கவனத்துக்குமா? ஆத்திரத்தில் மெஷினைச் சுற்று சுற்றென்று சுற்றினேன். அடக்கம் அதிகம், குறைவு, கவனம் அதிகம், குறைவு என்று நான்கு கட்டம் போட்டு, இரண்டுக்கும் சம்பந்தமில்லையென்றால் எந்தக் கட்டத்தில் எத்தனை பேர் இருக்கவேண்டும் என்று கணக்கிட்டு, இருந்தவர்களோடு ஒப்பிட்டேன். கொஞ்சமும் ஒத்துப்போகவில்லை. அடக்கமானவர்களே கவனத்திலும் கெட்டிக்காரர்களாம். அப்படியானால் அடக்கத்தை மட்டும் பார்த்தால் போதுமே என்றார் அதிகாரி. அடக்கத்தில் ஒன்று வாங்கியவளுக்கு அதோடு வேலை போய்விடும்.

அன்று மத்தியானம் எங்கள் ஹெட் கிளார்க், அந்தக் கட்டில் சேராமல் மிச்சமிருந்த படிவங்களை நிரப்புவதைப் பார்த்தேன். அடக்கத்துக்கு ஓர் எண் எழுதினார். யோசிக்காமல் பக்கத்திலும் அதையே எழுதினார். அடுத்த படிவமும் அப்படித்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நேராக அதிகாரியிடம் போனேன். படிவங்களில் ஒன்று என்னுடையது என்று முதலில் ஒப்புக்கொண்டேன். ஒரே கை ஒரே மூச்சில் இரண்டையும் போட்டால் ஒட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும், பெயரை மறைத்த வேலைத்தாள்களைப் பார்த்து வேறொருவர் கவனத்துக்கு மதிப்பெண் போடட்டும் என்றேன். அவர் சம்மதித்தார்.

மறுபடி நான்கு கட்டம். என் படிவமும் உள்ள கணக்கு என்பதால் இந்த முறை நான் மெஷினைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டதால் ஹெட் கிளார்க்கே கைப்பிடியைச் சுற்றினார். நான் பக்கத்தில் நின்று, மணியடிக்கும்போதெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டேன். கணக்குப்படி இருக்கவேண்டியவர்களுக்கும் இருந்தவர்களுக்கும் வித்தியாசம் சொற்பம்.

"அப்ப ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லையா?" என்றார் அதிகாரி.

"இல்லைன்னு அடிச்சுச் சொல்ல முடியாது சார். இருக்குன்னு சொல்ல இதுல ஆதாரமில்லை."

பிறகு அவர் வேலைத்தாள்களின் பெயர்களைப் பிரித்தார். என்னுடையதற்குக் கவனம் ஐந்து. ஹெட் கிளார்க் அந்த ஐந்தைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இவ்ளோ சிரிச்சிக்கினே எப்படிம்மா தப்பில்லாம போட்ட?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன், சிரிப்புதான் வந்தது. அவரும் சிரித்துவிட்டார்.

அதற்குப் பிறகு கவனத்தையும் தனியாகக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். பெர்மனென்ட் ஆர்டர் கைக்கு வந்த அன்று எனக்குத் தரையில் கால் பாவவில்லை. வந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து அதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் பஸ் சுரங்கத்து வாசலில் நிற்கிறது. ஷிப்ட்டுக்குப் போகிறவர்கள் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். நான் போகவேண்டிய குவார்ட்டர்ஸ் வேறு திசையில். எங்கே போகணும் என்று கண்டக்டர் கேட்டார். கவனத்துக்கு ஐந்து வாங்கியவள் அவரிடம் என்னவென்று சொல்வாள்?