ரோஷன் பீவியின் காலி பாட்டில்

செங்கல்பட்டில் ஒரு தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் பதினாறு வருடமாக நான் நர்ஸ். பவானி சிஸ்டரா, வாயைக் கொடுக்காதே, கடித்துக் குதறிவிடுவாள் என்பார்கள். சொல்லட்டும். அந்தக் கோபத்தால் ஒருநாள் ஒரு பிள்ளையைக் கொல்லப் பார்த்தேன்.

பிள்ளை பெயர் அஃப்தாப், ஆறு வயது. தாய் ரோஷன் பீவி மாமல்லபுரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே வளையல், பாசிமணி விற்கிறவள். காலை பதினொரு மணிக்குக் கடையிலேயே அவனுக்கு வலிப்பு வந்துவிட்டது. வைத்தியம் பார்ப்பது சென்னையில். அவ்வளவு தூரம் போக நேரமில்லை. ஆட்டோவில் எங்களிடம் தூக்கி வந்தாள். முக்கால் மணி நேரமாக வெட்டிவெட்டி இழுத்தது. முதல் ஊசிக்கும் அடங்கவில்லை.

"இவனுக்கு என்ன மருந்தும்மா குடுக்குறீங்க?" என்று கத்தினேன்.

அவள் கைப்பையைக் குடைந்து ஒரு காலி சிரப் பாட்டிலை நீட்டினாள். "சிஸ்டர், இந்த மருந்து..."

"பார்த்துக்கறேன், குடும்மா. கதையெல்லாம் அப்புறம்."

எங்களிடம் வருகிறவர்கள் மருந்தின் பெயரைச் சொல்வதில்லை. காலி அட்டையையோ பாட்டிலையோ காட்டுவார்கள், அதையே கொடுப்போம். டாக்டர் சதாசிவம் பக்கத்துப் படுக்கையில் விபத்தில் அடிபட்டவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பாட்டிலைத் தூக்கிக் காட்டினேன். "அதையே ஊசியா போட்டுடுங்க" என்றார்.

மருந்தை ஏற்றிக்கொண்டு வந்தால், ரோஷன் பீவி பிள்ளையின் கையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நிற்கிறாள்.

"வாணாம் சிஸ்டர்!"

"புள்ள சாகுது! வழிய விடும்மா!"

"என் கைய குத்திட்டுப் போ! இதக் குடிச்சித்தான் எம் பெரிய புள்ள மஞ்சளாயி செத்துப்போனான். குடுக்கக் கூடாதுன்னு காட்டத்தான் இந்தப் பாட்டில தூக்கிக்கினு கீறேன்! மைட்டோகாண்ட்ரியா நோயாம், இவனுக்கும் கீதாம்!"

டாக்டர் ஓடி வந்து என் கையிலிருந்த ஊசியைப் பிடுங்கிப் போட்டார்.

நம் செல் ஒவ்வொன்றுக்குள்ளும் சோற்றைச் சக்தியாக்குகிற அடுப்பு மாதிரி ஒன்று இருக்கிறது; அதுதான் மைட்டோகாண்ட்ரியா. இந்தப் பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே அது சரியாக எரியாது. மூளைக்குத்தான் பசி அதிகம். அதனால் அங்கே செல்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன, வலிப்பு வருகிறது. எத்தனையோ பிள்ளைகளுக்கு வலிப்பை நிறுத்துகிற அந்த மருந்து, இவர்களுக்கு ஈரலையே அழித்துவிடும்.

வேறு மருந்து ஏற்றினோம். கடிகாரத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. இருபது நிமிடம் கழித்து அஃப்தாபின் கை தளர்ந்தது, மூச்சு சீரானது. நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

வெளியே வந்து, "மன்னிச்சிடும்மா" என்றேன். பதினாறு வருடத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். "பெரியவனுக்கு மூணு மாசம் நானே ஊத்துனேன் சிஸ்டர்" என்றாள். "கசக்குது வாணாம்மான்னு அழுவான். மூக்கப் புடிச்சி ஊத்துனேன். உனக்கும் தெரியல, எனக்கும் தெரியல."

சிவப்பு மார்க்கரை எடுத்து, பாட்டிலைச் சுற்றிப் பெரிதாக எழுதினேன்: இந்த மருந்து கொடுக்கக் கூடாது.

இப்போது மாதாமாதம் ஈரல் பரிசோதனைக்கு எங்களிடமே வருகிறாள். ஈரல் நன்றாக இருக்கிறது. ஆனால் மூளையில் நடப்பதை நிறுத்த மருந்து கிடையாது. அஃப்தாப் நடப்பதை விட்டு நான்கு மாதமாகிறது. போன மாதத்திலிருந்து அம்மா என்றும் கூப்பிடுவதில்லை. அவள் இடுப்பில் தூக்கி வருகிறாள். கைப்பையில் உரசி உரசிப் பாட்டிலில் எழுத்து மங்கிவிடுகிறது.

"நல்லா அழுத்தி எழுது சிஸ்டர்" என்று நீட்டுகிறாள். "இன்னும் ரொம்ப நாளு வேணும்."

நானும் அழுத்தி எழுதிக் கொடுக்கிறேன்.