அவர் பெட்டிகளை விற்ற வாரம்

காலையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "அந்தப் பொட்டியெல்லாம் வித்துடலாம்னு இருக்கேன். கடலூர்லேர்ந்து ஒரு ஆளு ஞாயித்துக்கெழம வர்றாரு."

எனக்குப் பயம் வந்துவிட்டது.

நியாயமாகப் பார்த்தால் நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வருஷக்கணக்காக நானே கேட்டுக்கொண்டிருந்த வரம் அது. நெல்லித்தோப்பில் நாங்கள் குடியிருந்த வீட்டில் மொத்தமே ஒன்றரை அறை. அதில் அந்த அரை அறையைப் பெட்டிகள் பிடித்துக்கொண்டன. அவருடைய அண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தார். லீவில் வரும்போது மற்றவர்களுக்கு சென்ட்டும் சோப்பும் கொண்டுவருவார். தம்பிக்கு மட்டும் அட்டைப்பெட்டி நிறைய பொடிப்பொடிச் சாமான்கள். சிந்தசைசர் என்று கரண்டில் வாசிக்கிற வாத்தியம் செய்கிற கிட்டாம். கூட வந்த காகிதத்தில் இருந்த பிரெஞ்சை இவர் எழுத்துக்கூட்டிப் படித்து, ஈயம் உருக்கிப் பத்தவைத்து, அலுமினியத் தகட்டில் குமிழ்களை முடுக்குவார். கிட் வராத வருஷங்களில் மெட்ராசுக்குப் போய்ச் சாமான் வாங்கிவந்து சொந்தமாகவே செய்தார்.

ஒரு பெட்டி சத்தம் போடும். ஒன்று அதை மழுங்கடிக்கும். இன்னொன்று ஏற்றி இறக்கும். ஒயரால் எல்லாவற்றையும் கோர்த்தால்தான் இசை வரும் என்பார். கோர்த்த பிறகும் அது இசைதானா என்று எனக்குச் சந்தேகம்தான். ஒவ்வொரு பெட்டிக்கும் தவளை, கொசு, மில் சங்கு, பல்வலி என்று நான் பெயர் வைத்திருந்தேன். "பல்வலிய நிறுத்துங்க, தல இடிக்குது" என்றால் சிரித்துக்கொண்டே அணைத்துவிடுவார். அவ்வளவு நல்ல மனுஷன், ஆனால் அந்தப் பெட்டிகளை மட்டும் யாரும் தொடக் கூடாது. நான் தூசி தட்டினால்கூட மூஞ்சி மாறிவிடும்.

அப்படிப்பட்டவர் விற்கிறேன் என்கிறார். அதனால்தான் பயந்தேன்.

எங்கள் பின் தெருவில், இவர் வேலை பார்த்த துணி மில்லிலேயே வேலை பார்த்த ஒருத்தர் இருந்தார். மில் ஓடுமா மூடுமா என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நேரம். அவர் ஒருநாள் தன் சைக்கிளைத் தம்பிக்குக் கொடுத்தார். வாட்சைக் கழற்றி மச்சானுக்குக் கொடுத்தார். என்ன தாராளம் என்று தெருவே சிரித்தது. அடுத்த வாரம் அவரை நோணாங்குப்பம் ஆற்றிலிருந்து தூக்கிவந்து போட்டார்கள். அந்த வீட்டில் அழுதுவிட்டு வந்த நாளிலிருந்து, ஆசையாக வைத்திருந்த பொருளை ஒருவர் கொடுக்கிறார் என்றால் எனக்கு அந்த ஆறுதான் ஞாபகம் வரும்.

யோசித்துப் பார்த்தால் எல்லாம் பொருந்தியது. ஒரு வருஷமாகவே அவர் பழைய ஆள் இல்லை. பெட்டிகள்மேல் பழைய போர்வையைப் போட்டு மூடிவிட்டார். ரேடியோ வைப்பதில்லை. அடுப்படியிலிருந்து நான் கத்தினால் பதில் வராது. ஏதோ கவலையில் மூழ்கிக் கிடக்கிறார் என்று நினைத்தேன். சினேகிதர்கள் கூப்பிட்டாலும் போவதில்லை. எல்லாவற்றையும்விட என்னைக் கலங்கடித்தது அவர் பார்வை. நான் பேசும்போதெல்லாம் சோற்றைக்கூட விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பார்த்ததில்லை. ஊருக்குப் போகிறவன் கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொள்கிற மாதிரி இருந்தது.

அந்த வாரம் நான் பட்ட பாடு எதிரிக்கும் வேண்டாம். மூட்டைப்பூச்சி மருந்தை எடுத்துக் கக்கூஸில் கொட்டினேன். கொடிக்கயிற்றை அவிழ்த்து அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தேன். துணியை மதில்மேல் காயப்போட்டேன். அவர் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று தண்ணீர் ஊற்றும் சத்தம் வருகிறதா என்று கேட்பேன். ஒருநாள் வேலை முடிந்து நேரம் கழித்து வந்தார். வாசலிலேயே நின்று "எங்க போனீங்க?" என்றேன். "நோணாங்குப்பம் வரைக்கும் சைக்கிள்ல போய்ட்டு வந்தேன். சும்மாதான்" என்றார். அதே ஆறு. செத்துப்போகப் போறீங்களா என்று நேராகக் கேட்டுவிடலாம். ஆனால் கேட்டு, அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால்? அந்த பயத்தில் வாயை மூடிக்கொண்டேன். கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். மாதாவிடம் கெஞ்சினேன், கொஞ்சம் சண்டையும் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீடு வந்ததும் கடலூர்க்காரர் வேனோடு வந்துவிட்டார். கல்யாணங்களில் பாடுகிற மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறவர். வாய் நிறைய வெற்றிலை. சாறு வழியாமல் இருக்க மோவாயை மேலே தூக்கிக்கொண்டு, உதடு பிரியாமல் பேசினார்.

"ஒவ்வொண்ணா ஓட்டிக் காட்டுங்க சார்."

என் வீட்டுக்காரர் அவரைப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவுதான். நான் நடுவில் புகுந்து, "ஓட்டிக் காட்டச் சொல்றாரு" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். உடனே போர்வையை உருவினார்.

இரண்டு பெட்டிகளை ஒரே சுருதியில் சேர்ப்பது முதல் வேலை. அது அவர் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற காரியம். அன்றைக்குக் கண்ணைத் திறந்துகொண்டு குமிழைத் திருகினார். தவளை ஒரு பக்கம், பல்வலி ஒரு பக்கம் என்று இரண்டும் முட்டிக்கொண்டு அலறின. பக்கத்து வீட்டுக் குழந்தை வீறிட்டு அழுதது. வந்தவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். இவரோ இடது உள்ளங்கையை ஸ்பீக்கர் பெட்டியின்மேல் அழுத்திவைத்து, சரியாகத்தான் இருக்கிறது என்பதுபோலத் தலையாட்டிக்கொண்டு நின்றார்.

"போதும், நிறுத்துங்க" என்றார் கடலூர்க்காரர், என் வீட்டுக்காரர் முதுகுக்குப் பின்னாலிருந்து. பிறகு இன்னும் சத்தமாக. குமிழ் திரும்பிக்கொண்டேதான் இருந்தது. நான் போய் சுவிட்சை அணைத்தேன்.

ஸ்பீக்கரின்மேல் இருந்த அந்தக் கையை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். ஒரு வருஷமாக எனக்குப் புரியாமல் இருந்தது அந்த நிமிஷத்தில் புரிந்தது. மில்லில் தறி ஓடுகிற செக்ஷனில் காதில் வாய் வைத்துக் கத்தினாலும் எதுவும் கேட்காது. அங்கே எல்லோரும் உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். எலக்ட்ரீஷியனாக அங்கேயே கிடந்த இவருக்கும் அது கைவந்த பழக்கம். கல்யாணமான புதிதில், பூசை நடக்கும்போது ஆம்பளைகள் பக்கம் உட்கார்ந்துகொண்டு சத்தமில்லாமல் உதட்டை அசைத்து என்னைச் சிரிக்கவைப்பார். அப்படித்தான் நானும் கற்றுக்கொண்டேன். அந்த மில்லில் காது போனவனையும் இருக்கிறவனையும் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பெண்டாட்டியாலும் முடியவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் என்றேனே, அவர் பார்த்தது என் வாயை.

கடலூர்க்காரர் எப்படியோ சமாதானமாகி, தானே திருகிப் பார்த்து, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். டிரைவரும் அவரும் பெட்டிகளை வேனில் ஏற்றினார்கள். விட்டுப்போன ஒயர்களைக் கொடுப்பதற்காக என் வீட்டுக்காரர் உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

நான் பின்னால் போய் நின்றேன். நினைத்தது தப்பாக இருக்கட்டும் என்று ஒரு மனம். சரியாக இருந்தால் சாவு பயமாவது தீருமே என்று இன்னொரு மனம். என்ன சொல்லிக் கூப்பிடுவது? "ஏங்க" என்றால் எத்தனையோ தடவை திரும்பாமல் இருந்திருக்கிறார். எந்த ஆணும் திரும்பிவிடுகிற ஒன்றைச் சொல்ல வேண்டும்.

அவர் பெயரைச் சொன்னேன்.

எங்களில் புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொல்வதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட பக்கத்தில் நிற்கிறவளைத்தான் சொல்லச்சொல்வேன். வாசலில் இருந்த டிரைவர் திரும்பிப் பார்த்தான். இவர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை சொன்னேன், கத்தியே சொன்னேன். ஒயரின் முனையை மடித்துச் செருகினார்.

மூன்றாவது தடவை சொல்லும்போது, என் நிழல் சுவரில் விழுந்ததைப் பார்த்துத்தான் திரும்பினார். நான் எதிரில் உட்கார்ந்து, குரலே எடுக்காமல், உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டேன், "செத்துப்போலாம்னு இருக்கீங்களா?"

நான் எப்படிக் கேட்கிறேன் என்பதை வைத்தே, தன் காது போனது எனக்குத் தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டார். முகம் கோணிப்போயிற்று. ஒயரைக் கீழே வைத்தார்.

"ஒரு நாளு நெனச்சேன்" என்றார். "ஆத்துப் பக்கம் போனன்ல, அன்னிக்கி. தண்ணிகூட சத்தமில்லாம போய்க்கினு இருந்துச்சி. பயமாப் போய்டிச்சி. திரும்பி வந்துட்டேன்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சத்தம் போட்டே அழுதேன். அடக்க வேண்டிய அவசியம் இல்லை என்று தோன்றியது. வெளியே வேன் ஹாரன் அடித்தது. அவர் என் கண்ணைத் துடைத்துவிட்டு, "திரும்பும்போது பார்த்தேன், வாயி அசைஞ்சிதே. பின்னால நின்னுக்கினு என்னா சொன்ன?" என்றார்.

"சாப்பிட வாங்கன்னேன்" என்றேன்.