எனக்குக் கேட்காத பாதி

முதலில் மெஷின் மேல்தான் கோபம் வந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான். ஆனால் அன்றைக்கு அது எனக்குத் தெரியாதே!

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் இருக்கிறோம். வீட்டுக்காரருக்கு அரிசி மண்டியில் வேலை. நான் ஒரு காலத்தில் கானமேளா என்கிற பாட்டுக் கச்சேரி மேடைகளில் கீபோர்டு வாசித்தவள். பிறகு வீட்டில் இருந்தபடியே டிவி சீரியல்களுக்குச் சத்தம் செய்து கொடுத்துவந்தேன். சிரிக்காதீர்கள். சாமி தோன்றும்போது ஒரு சத்தம் வருகிறதே, மாமியார் முறைக்கும்போது ஒன்று வருகிறதே, அதெல்லாம் என்னை மாதிரி யாரோ ஒருத்தி முதுகு ஒடிய உட்கார்ந்து செய்ததுதான்.

என்னிடம் இருப்பது எஃப்எம் சிந்தசைசர் என்கிற கீபோர்டு மெஷின். ஒரு அலையை இன்னொரு அலையால் உலுக்கினால் அதில் புதுச் சத்தம் பிறக்கும். உலுக்குகிற விதத்தைப் பொறுத்து மரமாகவும் ஒலிக்கும், வெண்கலமாகவும் ஒலிக்கும். அதில் மார்ஃப் என்று ஒரு வசதி உண்டு. தொடக்கத்துக்கு ஒரு சத்தம், முடிவுக்கு ஒரு சத்தம் கொடுத்துப் பட்டனைத் தட்டினால், முதலாவது கொஞ்சம் கொஞ்சமாக இரண்டாவதாக உருமாறிக்கொண்டே போகும். நாம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் போதும். திரையில் ஒரு புள்ளி இடமிருந்து வலமாக நகரும்.

அம்மன் சீரியல் ஒன்றுக்காக ஸ்டுடியோவில் கேட்டார்கள். தம்புராவில் ஆரம்பித்துச் சலங்கையில் முடிய வேண்டும், அம்மன் நடந்து வருகிறாளாம். தம்புரா சட்டென்று அமைந்தது. சலங்கைதான் படுத்தி எடுத்தது. சாக்குக்குள் போட்டுக் குலுக்கினது போல ஒரே மொண்ணை. மேல் ஸ்தாயிச் சத்தத்தை ஏற்றினேன். போதவில்லை. இன்னும் ஏற்றினேன். மார்ஃபை ஓடவிட்டால் தம்புரா மெலிந்து மெலிந்து, பாதி வழியில் செத்தே போனது. புள்ளி மட்டும் ஜம்மென்று நகர்ந்துகொண்டிருந்தது. சனியனே, மூதேவி என்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். வயரை மாற்றினேன். பழவங்காடிப் பக்கம் ரிப்பேர் பார்ப்பவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் திறந்து பார்த்து, ஒரு குறையும் இல்லை என்று மூடிக் கொடுத்தார். இவருக்கு என்ன தெரியும் என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வந்தேன்.

மறுநாள் மத்தியானம் ஸ்பீக்கரில் சத்தத்தை முழுக்க வைத்து ஓடவிட்டிருந்தேன். சாப்பிட வந்த வீட்டுக்காரர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மாடிப்படியிலேயே நின்றுவிட்டார்.

"ஏளா, நிறுத்துளா அத! பல்லெல்லாம் கூசுது. கீழ நாயி ஊளையிடுது, ஒனக்குக் கேக்கலியா?"

"எத நிறுத்த? ஒண்ணுமே வரலங்க. அதுக்குத்தான காலைலருந்து மாரடிச்சுக்கிட்டு கெடக்கேன்."

அவர் என்னைப் பார்த்தார். ஸ்பீக்கரைப் பார்த்தார். காதிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

காது ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்துங்கள் என்றார்கள். அழுத்தினேன், அழுத்தினேன், பிறகு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சோதனை செய்த பெண்ணின் கை மட்டும் குமிழைத் திருப்பிக்கொண்டே இருந்தது. மேடையில் காதுக்குப் பக்கத்திலேயே ஸ்பீக்கர் அலற வாசித்த வருஷங்கள் நரம்பைத் தின்றுவிட்டன என்றார் டாக்டர். மேல் ஸ்தாயிச் சத்தங்கள் போனது போனதுதான், இனியும் குறையும். கருவி வைத்தால் பேச்சு விளங்கும் என்று ஆறுதல் சொன்னார். பேச்சு யாருக்கு ஐயா வேண்டும்?

திரும்பி வரும்போது பழவங்காடி கணபதி கோயிலில் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். தேங்காய் அடிபட்டுச் சிதறுவது கண்ணுக்குத் தெரிந்தது. காதுக்கு வந்ததோ மெத்தையைத் தட்டினது போல வெறும் தொப். இது எப்போது இப்படி ஆனது? தினமும் இந்த வழியாகத்தானே போய் வருகிறேன்? வெட்கம் பார்க்காமல் அங்கேயே நின்று அழுதேன்.

அன்றைக்கே ஸ்டுடியோவில் ஒலிக்கலவை பார்ப்பவருக்கு போன் போட்டேன். மலையாளி, என்னோடு பாதித் தமிழில் பேசுவார். என் சத்தமெல்லாம் எப்படி இருக்கிறது, மறைக்காமல் சொல்லுங்கள் என்றேன்.

"நல்லாருக்கு சேச்சீ. கொறச்சு குத்தும், அத்ரே உள்ளூ, அவ்வளவுதான். நாங்க இங்க மேல் ஸ்தாயிய கட் பண்ணிடுவோம். ஒரு வருஷமா அப்படித்தான். சேச்சியோட ஸ்டைல் அதுன்னு நெனச்சோம்."

ஸ்டைலாம்! என் காது அவிந்துகொண்டிருந்தது, அவர்களுக்கு அது ஸ்டைல். போனை வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன்.

ஆனாலும் விட மனசு வரவில்லை. வேறு எதையும் நான் கற்றுக்கொண்டதில்லை. வீட்டுக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்து, எனக்குக் கேட்காத பாதியை நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள் என்றேன். பாட்டுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். செவிடன் காதில் ஊதின சங்கு என்று அவரை எத்தனை தடவை ஏசியிருப்பேன்! பாவம், மத்தியானச் சோறு ஆறிப்போக உட்கார்ந்து கேட்டார். கூசுது என்றார். இரும்ப ஒரசுத மாதிரி இருக்கு என்றார். நான் இறக்கினால், இப்ப ஒண்ணுமே இல்ல என்றார். ஒழுங்காகக் கேளுங்கள் என்று எரிந்து விழுந்தேன். கடைசியில் ஒரு நாள் கீபோர்டு மேலேயே தலையைச் சாய்த்து, எனக்கு இனிமேல் என்ன இருக்கிறது என்று ஓவென்று அழுதுவிட்டேன். அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு எதைப் போட்டாலும் அவருக்குப் பிடித்துப்போனது. அருமைளா. ஒண்ணாம் நம்பர்ளா. இப்ப சரியா இருக்கு. நானும் இரண்டு நாள் நம்பினேன். பிறகு ஒரு சின்னச் சந்தேகம் உறுத்த ஆரம்பித்தது.

போன வாரம் சலங்கையின் அளவைச் சுத்தமாகப் பூஜ்யத்தில் வைத்தேன். மார்ஃப் ஓடினால் தம்புரா தேய்ந்து தேய்ந்து ஒன்றுமில்லாமல் போகும், அவ்வளவுதான். யாருக்கும் எதுவும் கேட்காது. எனக்கு என்ன கேட்குமோ, அன்றைக்கு அவருக்கும் அதுதான். பட்டனைத் தட்டிவிட்டுத் திரையைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தம்புரா நின்றது. கண்ணை அந்தப் புள்ளியிலேயே வைத்திருந்தவர், அது பாதியைத் தாண்டியதும் மெல்லத் தலையாட்ட ஆரம்பித்தார்.

"ஆ, வந்துட்டுளா. சலங்கையேதான். அம்மன் நடந்து வந்தாப்புல இருக்கு."

எனக்குத் திட்ட வாய் வரவில்லை. "நெசமாவா?" என்றேன்.

"நெசமா. சாமி சத்தியமா நல்லாருக்கு. அனுப்பிரு."

அவர் மண்டிக்குப் போனதும் ஸ்டுடியோவுக்கு போன் போட்டேன். வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள், இனி என்னால் ஆகாது என்றேன். மறுமுனையில் அந்த ஒலிக்கலவைக்காரர் ஏதோ ரொம்ப நேரம் பேசினார். ஆறுதல்தான் சொல்லியிருப்பார். எனக்குப் பாதி விளங்கவில்லை. சரி, சரி என்று சொல்லி வைத்துவிட்டேன்.