விட்டுக்கொடுக்கும் பாடம்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது. கேமரன் மலையில் ஓர் இடைநிலைப் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். நல்ல டீச்சர் என்று பெயர் வாங்கியிருக்கிறேன். பொறுமையான டீச்சர் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. சில வருடங்களுக்கு முன் பதினேழு வயதுப் பிள்ளைகள் படிக்கும் ஐந்தாம் படிவத்துக்கு நான் நடத்திய ஒரு பாடம் இரத்தத்தில் போய் முடிந்தது. பாடத்தின் தலைப்பைச் சொன்னால் சிரிப்பீர்கள். விட்டுக்கொடுத்தல்.

மலாயில் தோலாக் அன்சோர் என்பார்கள். பாடநூலில் பார்க்க அழகாக இருக்கும். கோட்டு போட்ட ஆண்கள் நீளமான மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுவார்கள், கை குலுக்குவார்கள், நாடு சுதந்திரம் பெறும். அந்த மேசைக்கு வருவதற்கு முன்னால் யார் யாரைப் போட்டு அடித்தார்கள், யார் வீடு எரிந்தது என்பதற்கெல்லாம் படம் இருக்காது. நானும் கேள்வித்தாளில் வருவதைத்தான் நடத்துவேன். ஆனால் அன்று பின் வரிசை தூங்கி வழிந்தது. அன்றாட வாழ்க்கையிலிருந்து ஒன்றை எடுத்து நடிக்கச் சொன்னால் விழித்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன்.

ஒரே தண்ணீர்க் குழாய், இரண்டு வீடு, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி இரண்டு பெண்களை முன்னால் நிறுத்தினேன். இருவரும் ஒரே தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரே வேனில் வருகிறவர்கள். தெரிந்தவர்கள் என்றால் கூச்சமில்லாமல் பேசுவார்கள் என்பது என் எண்ணம். அவர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் மலையிலிருந்து வரும் குழாய்க்காக அந்த இரண்டு வீட்டுக்கும் பல மாதமாகச் சண்டை. முந்தின வாரம்தான் ஒருத்தியின் அம்மா இன்னொருத்தி வீட்டுக் குழாயைக் கவாத்துக் கத்தியால் வெட்டிப் போட்டிருக்கிறார். வகுப்பில் இது தெரியாத ஒரே ஆள் நான்தான்.

முதல் இரண்டு வாக்கியம் மலாயில் பேசினார்கள். மூன்றாவது தமிழுக்கு மாறியது. அப்புறம் பேச்சு அம்மாக்களின் மேல் போயிற்று. நான் மேசையைத் தட்டுவதற்குள், இருவரில் உயரமானவள் இரும்புத் தண்ணீர்ப் போத்தலை எடுத்து மற்றவளின் நெற்றியில் ஓங்கி அடித்துவிட்டாள். தேங்காய் உடைபட்டது போல ஒரு சத்தம். புருவம் பிளந்து வெள்ளைச் சட்டையில் இரத்தம் கொட்டியது. விழுந்தவளையும் அவள் விடவில்லை. மேலே உட்கார்ந்து மறுபடியும் போத்தலை ஓங்கினாள். நான் ஓடிப்போய் அவளுடைய சடையைக் கையில் சுற்றிப் பின்னால் இழுத்தேன். இழுத்த வேகத்தில் அவள் தலை சுவரில் மோதியது. பிடிப்பதற்கு வேறு எதுவும் என் கைக்கு அகப்படவில்லை. இன்னொரு அடி விழுந்திருந்தால் கீழே கிடந்தவளுக்குக் கண் போயிருக்கும்.

அடிபட்டவளைத் தானா ராத்தா மருத்துவமனைக்குக் கொண்டுபோய்த் தையல் போட்டார்கள். புருவத்தில் தழும்போடு அவள் திரும்பி வந்து படித்தாள். பிரச்சினை அடித்தவளின் வீட்டிலிருந்துதான் வந்தது.

மறுநாள் காலை அவளுடைய அப்பா வந்தார். தோட்டத்தில் கொழுந்து வெட்டும் மெஷின் பிடிக்கிறவர். வேலை உடுப்போடு, பூட்ஸ் முழுக்கச் சேறோடு, வராந்தாவில் நேராக என் வகுப்பை நோக்கி நடந்து வந்தார். நான் வெளியே போய், உட்கார்ந்து பேசலாம் என்றேன்.

"எம்பொண்ணு சடையப் புடிச்சு இழுத்தது நீதானா?" என்று கேட்டார்.

நான் ஆமாம் என்று சொல்லி முடிக்கவில்லை, அறை விழுந்தது. நாள் முழுக்க மெஷின் தூக்குகிற கை. என் மூக்குக்கண்ணாடி பறந்துபோய்ச் சாக்கடையில் விழுந்தது. பல் குத்தி வாய்க்குள் இரத்தம் உப்புக் கரித்தது. ஜன்னல் வழியாக முழு வகுப்பும் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் மகளும்தான்.

அன்று மத்தியானமே போலீசில் புகார் கொடுத்தேன். அந்தக் கையில் விலங்கு மாட்டிப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை. ஆசிரியர் அறையில் சிலர், படிக்காத மனிதர், விட்டுவிடு என்றார்கள். அவர்கள் கன்னம் வீங்கியிருக்கவில்லை. சோறு மெல்லும்போது வலிக்கும். வலிக்கும்போதெல்லாம் அவரை மனத்துக்குள் ஒருமுறை அறைவேன். விட்டுக்கொடுத்தலின் மீதிப் பக்கங்களை அந்த வாரம் நான் திறக்கவே இல்லை.

பிறகு பள்ளி முதல்வர் அழைத்தார். மலாய்க்கார அம்மா, ஓய்வு பெறும் வயதில் இருந்தவர், சண்டை என்றாலே தலைவலி வந்துவிடும். நிலைமையை அவர்தான் எடுத்துச் சொன்னார். போலீஸ் வழக்கு என்று ஆனால் தோட்டத்தில் அந்த மனிதரை நிறுத்திவிடுவார்கள். வேலை போனால் லைன் வீடும் போகும். வீடு போனால் குடும்பத்தை அழைத்துக்கொண்டு தாப்பாவுக்கோ ஈப்போவுக்கோ இறங்கிவிடுவார். அந்தப் பெண் வருடக் கடைசியில் எஸ்.பி.எம். அரசுத் தேர்வு எழுத மாட்டாள். வரலாற்றில் என் வகுப்பிலேயே அதிக மார்க் எடுப்பவள் அவள்தான். ஆபீசில் வைத்து அவர் மன்னிப்புக் கேட்பார், நீங்கள் புகாரைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், ஆளுக்கொரு தேநீர் குடித்துவிட்டுக் கலைந்துவிடலாம் என்றார் முதல்வர்.

அந்தப் பெண்ணுக்காகச் சம்மதித்தேன். ஆனால் எனக்கும் சூடு சொரணை இருக்கிறது. அறை வாங்கியது பிள்ளைகள் பார்க்க, மன்னிப்பு மட்டும் கதவைச் சாத்திக்கொண்டா? எந்த வராந்தாவில் அடித்தாரோ அதே இடத்தில், அதே வகுப்புக்கு முன்னால் கேட்கட்டும் என்றேன். முதல்வர் பெருமூச்சு விட்டு ஆள் அனுப்பினார். அந்த அப்பாவும் ஒத்துக்கொண்டதாகத் தகவல் வந்தது.

வெள்ளிக்கிழமை வந்தார். இந்த முறை கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. கையில் புத்தம் புதிய ரோத்தான் பிரம்பு ஒன்று. கடையில் ஒட்டிய சீட்டுகூட இன்னும் கிழிக்கப்படவில்லை. எதற்கு இது என்று எனக்குப் புரியவில்லை. மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் வகுப்பிலிருந்து எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். தாம்பூலத் தட்டைக் கொடுப்பது போல அவர் இரண்டு கையாலும் பிரம்பை என்னிடம் நீட்டினார்.

"உங்க மேல கை வச்சது தப்பு டீச்சர். எல்லாம் இவளால வந்தது. இவள உங்க கையில குடுக்கிறேன். மனசு ஆறுற வரைக்கும் அடிங்க, நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன். அதோட முடிச்சுக்குவோம்."

அவருக்கு அது நியாயமாகப் பட்டது. டீச்சரோடு சமாதானமாவதற்கு எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த வழியே பிள்ளையைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்துவதுதான். பெண் பிள்ளைகளைப் பள்ளியில் பிரம்பால் தொடக்கூடாது என்பதையெல்லாம் அவரிடம் யார் சொல்வது? அந்தப் பெண் அதற்குள் வலது கையை நீட்டிவிட்டாள். உள்ளங்கை மேலே பார்த்தபடி, விரல் நடுங்காமல்.

"அடிச்சிருங்க டீச்சர், பரவால்லலா" என்று மெல்லச் சொன்னாள்.

நான் முடியாது என்றேன். என்னை அடித்தது நீங்கள், அவள் இல்லை. மன்னிப்புக் கேளுங்கள், அது போதும் என்றேன். அவர் முகம் மாறியது. அவர் கொண்டுவந்த சமாதானத்தை நான் முகத்தில் விட்டெறிந்ததாக எடுத்துக்கொண்டார். நீங்கள் அடிக்கவில்லையென்றால் கோபம் போகவில்லை என்றுதான் அர்த்தம், கேஸ் அப்படியே நிற்கும் என்று சொல்லிக்கொண்டே பிரம்பைத் திருப்பி அவளை அவரே அடிக்கத் தொடங்கினார். முதல் அடி முழங்கைக்கு மேல். அடுத்தது முதுகில், சுளீர் என்று. இன்னொன்று கழுத்தில் பட்டு, தோல் பட்டையாகத் தடித்துச் சிவந்தது. அவள் அலறவில்லை. நீட்டிய கையை மடக்கவும் இல்லை; ஒவ்வோர் அடிக்கும் உடம்பு துள்ளியது, கை மட்டும் எனக்கு நேராகவே நின்றது. வகுப்புக்குள் யாரோ விம்மினார்கள். பக்கத்தில் நின்ற முதல்வர் போதும் போதும் என்று மலாயில் கத்தினார்.

நான் பிரம்பைப் பிடுங்கி எறிந்தேன். பிறகு அவரை அறைந்தேன். யோசித்துச் செய்யவில்லை. என் பலம் முழுவதும் அந்த அறையில் இருந்தது, உள்ளங்கை எரிந்தது. அவர் தலை ஒரு பக்கம் திரும்பியது. திருப்பி அடிக்கப் போகிறார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அவர் அடிக்கவில்லை. கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, ஜன்னலில் நெருக்கியடித்து நின்ற முகங்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"சரி டீச்சர். சரியாப் போச்சு" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. உண்மையைச் சொன்னால் சந்தோஷமாகவே இருந்தது. அன்றே போய்ப் புகாரைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். அவரும் என் மேல் புகார் எழுதியிருக்கலாம், எழுதவில்லை. ஆளுக்கொரு கத்தி வைத்திருந்தோம், இருவருமே கீழே வைத்தோம். பாடநூலில் இருக்கும் உடன்படிக்கைகளில் பாதி இப்படித்தான் உண்டாகியிருக்கும் என்று தோன்றியது. அவருக்கு வேலை போகவில்லை, வீடு போகவில்லை, பெண் பள்ளிக்கு வந்தாள். நான் வேண்டியது கிடைத்துவிட்டது.

அடுத்த வாரம் மிச்சப் பாடத்தை நடத்தினேன். விட்டுக்கொடுத்தலால் விளையும் நன்மைகளைப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு சீனப் பையன் கை தூக்கினான். அன்றைக்கு வராந்தாவில் விட்டுக்கொடுத்தது யார் என்று கேட்டான். கிண்டல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அதெல்லாம் தேர்வில் வராது, உட்கார் என்று அதட்டினேன். அந்தப் பெண் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். அந்த வருடம் முழுக்க அவள் அப்படித்தான் இருந்தாள். கேட்டால் பதில் சொல்வாள், என் முகத்தைப் பார்க்க மாட்டாள். அப்பாவை நினைத்து வெட்கப்படுகிறாள் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

வரலாற்றுத் தேர்வு முடிந்த அன்று நல்ல மழை. வேனுக்காக நின்றுகொண்டிருந்தவளிடம் போய் எப்படி எழுதினாய் என்று கேட்டேன். எல்லாக் கேள்விக்கும் எழுதியதாகச் சொன்னாள். அதோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்கவில்லை. அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அன்றிலிருந்து அவர் லைனில் யாரோடும் பேசுவதில்லை என்றாள். பொம்பளையிடம் அறை வாங்கியவன் என்று குழாய்ச் சண்டைக்காரர்கள் அவர் காதுபடவே கூப்பிடுகிறார்களாம். ரிங்லெட் ஊர்க் கடையில் அதைச் சொல்லிச் சிரித்த ஒருவனை அடிக்கப் பாய்ந்து, நாலு பேர் சேர்ந்து அவரைக் கீழே போட்டு மிதித்ததில் விலா எலும்பு முறிந்து, இன்னும் குனிந்து செருப்புப் போட முடியவில்லையாம். அழாமல், பாடம் ஒப்பிப்பது போல எல்லாவற்றையும் சொன்னாள்.

"நான்தான் கைய நீட்டிக்கிட்டு நின்னேன்ல டீச்சர். ரெண்டு அடி போட்டிருந்தா முடிஞ்சிருக்கும். ஏன் போடல?"

பிள்ளையை அடித்துச் சமாதானம் வாங்க எனக்கு மனம் வரவில்லை என்றேன். டீச்சர் குரலில்தான் சொன்னேன்.

"எங்கப்பாவ அடிச்சு வாங்குனீங்களே" என்று சொல்லிவிட்டு அவள் வேனில் ஏறிக்கொண்டாள்.